காம்பவுண்டுச் சுவரும் கம்பவுண்டரும் ஒரே சொல்லா?

கூடல்வாசி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மகள் ஒன்பதாம் வகுப்பு, ஆங்கில வழி. போன வாரம் வேதியியல் பாடம் படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்: "அப்பா, தண்ணி ஒரு காம்பவுண்டுனு போட்டிருக்கு. நம்ம வீடும் காம்பவுண்டு. ரெண்டுக்கும் என்னப்பா சம்பந்தம்?" சேர்மத்துக்கும் சுவருக்கும் என்ன உறவு என்று எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை.

மதுரைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் ஊரில் காம்பவுண்டு என்றால் சுவர் மட்டும் இல்லை. ஒரு பெரிய கேட், உள்ளே நீளமாக ஒரு முற்றம், அதன் இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டிச் சின்னச் சின்ன வாடகை வீடுகள். நான் பிறந்தது எட்டு வீட்டுக் காம்பவுண்டில். நடுவில் ஒரு கிணறு, அதில் ஒரே ஒரு ராட்டினம். காலை ஐந்து மணிக்கு அந்த ராட்டினம் கிறீச்சிடும் சத்தத்தை வைத்தே எந்த வீட்டு அக்கா தண்ணீர் இறைக்கிறார் என்று அம்மா படுத்தபடியே சொல்லிவிடுவார். "எங்க காம்பவுண்டுல கல்யாணம்" என்றால் எட்டு வீட்டிலும் அடுப்பு எரியாது, எல்லாருக்கும் சாப்பாடு ஒரே இடத்தில்தான்.

ஆக எனக்குத் தெரிந்த காம்பவுண்டு இது. மருந்துக்கடையில் ஒரு கம்பவுண்டர். பாடப்புத்தகத்தில் ஒரு காம்பவுண்டு. மூன்றுக்கும் வேர் ஒன்றா, வேறு வேறா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மகளிடம் சரியாகச் சொல்ல வேண்டும்.

சொல்வேட்டை எழுதியது:

சுலபமான கேள்விதான் அண்ணா. ஆங்கிலத்தில் 'பவுண்டு' என்று ஒரு சொல் உண்டு, அடைத்து வைக்கும் இடம் என்று பொருள். நம் கிராமங்களிலும் இருக்கிறதே, அடுத்தவன் வயலில் மேய்ந்த மாட்டைப் 'பவுண்டுல அடைச்சுட்டாங்க' என்பார்கள். அதன் முன்னால் 'சேர்ந்து' என்று பொருள் தரும் 'காம்' ஒட்டிக்கொண்டது. சேர்த்து அடைத்த இடம், காம்பவுண்டு. தனிமங்களைச் சேர்த்து அடைத்தால் சேர்மம். இரண்டும் ஒன்றுதான்.

கூடல்வாசி எழுதியது:

நன்றி தம்பி. கேட்க நன்றாகப் பொருந்துகிறது. மற்றவர்களும் சொல்லட்டும்.

பழைய ஏடு எழுதியது:

பொருந்துகிற மாதிரி இருப்பதுதான் இதில் சிக்கல், தம்பி சொல்வேட்டை. நாற்பது வருடம் ஆங்கிலம் கற்பித்தவன் நான். இந்த ஒரு சொல்லை நானும் பல காலம் நீங்கள் சொன்ன மாதிரியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வேதியியல் காம்பவுண்டு. அது இலத்தீனில் 'கொம்பொனெரெ' என்ற வினை. 'கொம்' என்றால் ஒன்றாக, 'பொனெரெ' என்றால் வைத்தல். ஒன்றாக வைத்தல், கலத்தல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அதன் கடைசியில் 'ட்' ஓசையே இல்லை, 'கம்பௌன்' என்பது போல ஒலித்தது. 'ட்' பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஒலியைக் குறிக்கும் 'சவுண்டு' என்ற சொல்லிலும் இதேதான் நடந்தது. இலத்தீன் 'சொனுஸ்', பிரெஞ்சு 'சொன்' இரண்டிலும் 'ட்' கிடையாது. ஆங்கிலேயர் நாக்கில் 'ன்' முடிந்த இடத்தில் 'ட்' தானாக முளைத்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து மாட்டுப் பவுண்டு. அது பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல், இலத்தீனோடு உறவே இல்லாதது. குளத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'பாண்டு'கூட இதே சொல்லின் இன்னொரு வடிவம்தான். மாட்டை அடைத்தால் பவுண்டு, தண்ணீரை அடைத்தால் பாண்டு. அத்துமீறி மேயும் மாட்டைப் பவுண்டில் அடைப்பதற்காக 1871-இல் கால்நடை அத்துமீறல் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நம் பக்கத்தில் அந்தப் பவுண்டுக்குக் கொண்டித்தொழு என்ற அருமையான பெயர் உண்டு.

மூன்றாவதுதான் கூடல்வாசியின் வீட்டுக் காம்பவுண்டு. அதற்கும் மேலே சொன்ன இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது மலாய்ச் சொல். கம்போங்.

சொல்வேட்டை எழுதியது:

மலாயா? ஐயா, மன்னிக்கவும், நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கிறது. சென்னையிலும் கல்கத்தாவிலும் பங்களா கட்டி வாழ்ந்த ஆங்கிலேயன் தன் வீட்டுத் தோட்டத்துக்கு மலாய்ப் பெயர் வைப்பானா? போர்த்துக்கீசியத்தில் 'காம்போ' என்றால் வயல், திறந்தவெளி. போர்த்துக்கீசியர்தானே இங்கே முதலில் வந்தவர்கள்? அலமாரி, சாவி, ஜன்னல், மேசை எல்லாம் அவர்கள் கொடுத்தவை. காம்பவுண்டும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாக இருக்கலாமே.

ஈப்போ செல்வி எழுதியது:

நான் மலேசியா. இந்த இழையைப் படித்ததும் சிலிர்த்துவிட்டது! கம்போங் என்றால் இங்கே கிராமம். நோன்புப் பெருநாள் வந்தால் 'பாலேக் கம்போங்' என்று நாடே கிளம்பிவிடும், ஊருக்குத் திரும்புவது என்று பொருள். நம் தமிழர்கள் அதைக் 'கம்பம்' ஆக்கிவிட்டோம். கம்பத்து வீடு, கம்பத்துக் கோழி என்பதெல்லாம் எங்கள் வீட்டில் தினமும் புழங்குகிற சொற்கள். தேனி மாவட்டத்துக் கம்பத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் எங்கள் கம்பத்தில் சுவரே கிடையாதே ஐயா. தென்னை மரம், தூண் மேல் நிற்கிற பலகை வீடு, கீழே கோழிகள். அது எப்படிக் காம்பவுண்டு ஆனது?

பழைய ஏடு எழுதியது:

செல்வி அம்மா கேட்டதுதான் நல்ல கேள்வி. சொல்வேட்டை தம்பிக்கும் சேர்த்தே பதில் எழுதிவிடுகிறேன்.

இந்தியாவில் புழங்கிய ஆங்கிலச் சொற்களுக்கு 'ஹாப்சன் ஜாப்சன்' என்று ஓர் அகராதி உண்டு, 1886-இல் வந்தது. ஹென்றி யூல், ஆர்தர் பர்னெல் என்ற இருவரின் உழைப்பு. பர்னெல் நம் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனைச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்தவர். அகராதி அச்சாவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டார். யூல்தான் முடித்தார். அதில் காம்பவுண்டு என்ற சொல்லுக்கு இடம் ஒதுக்கி விவாதித்திருக்கிறார்கள். போர்த்துக்கீசியமா, பிரெஞ்சா, மலாயா என்று மூன்று கருத்துகளையும் எடுத்துவைத்து, நீங்கள் சொன்ன போர்த்துக்கீசியத் தரப்பையும் பார்த்துவிட்டு, கடைசியில் மலாய்ப் பக்கமே சாய்கிறார்கள். மலாய் என்று முதலில் சுட்டியவர் சிங்கப்பூரில் ரெசிடெண்டாக இருந்த ஜான் கிராஃபர்டு என்றும் அதில் இருக்கிறது.

செல்வி அம்மா, இன்றைக்குக் கம்போங் என்றால் கிராமம். ஆனால் வில்லியம் மார்ஸ்டன் 1812-இல் வெளியிட்ட மலாய் அகராதியில் அந்தச் சொல்லுக்கு முதலில் கொடுக்கும் பொருள் அடைப்பு, வேலி சூழ்ந்த இடம். அதன் பிறகுதான் வேலியிட்ட ஊர், நகரின் ஒரு பகுதி, பல கட்டடங்களின் தொகுதி என்று வரிசையாகப் போகிறது. கழிகளை நட்டு அடைத்த வேலிக்குள் ஒரு தலைவர், அவரைச் சுற்றி அவர் ஆட்கள், அவர்கள் வீடுகள். மலாயில் 'பெர்கம்போங்' என்றால் ஒன்றுகூடுதல் என்று பொருள். சரிதானே அம்மா?

இனி, அது எப்படி நம் கரைக்கு வந்தது? எனக்கு மிகவும் பிடித்த சான்று இதுதான். 1679, ஏப்ரல் மாதம். புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் வடக்கே மசூலிப்பட்டணம், கோதாவரிப் பக்கமுள்ள கிடங்குகளைப் பார்வையிடச் சுற்றுப்பயணம் போகிறார். நரசாப்பூர் அருகே பாலகொல்லு என்ற ஊர். அங்கே டச்சுக்காரர்களுக்குப் பெரிய 'காம்பவுண்டு' கொண்ட ஒரு பண்டகசாலை இருக்கிறது என்று பயணக் குறிப்பில் பதிவாகிறது. அந்த இடத்தில் நீலச் சாயம் தோய்க்கிறார்களாம். அதற்காக முந்நூறுக்கு மேற்பட்ட சாடிகளைத் தரையில் புதைத்து வைத்திருக்கிறார்களாம்.

கொஞ்சம் கண்ணை மூடிப் பாருங்கள். ஒரு வேலி அல்லது மதில். உள்ளே வரிசை வரிசையாக மண்ணுக்குள் புதைத்த சாடிகளின் வாய்கள். அவுரி புளித்த வாடை. முழங்கை வரை நீலமேறிய ஆட்கள் துணியை முக்கி எடுக்கிறார்கள். அந்த முற்றத்துக்குத்தான் காம்பவுண்டு என்று முதன்முதலில் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். பங்களாவும் புல்வெளியும் பின்னால் வந்தவை.

அந்த முற்றம் யாருடையது என்பதைக் கவனியுங்கள். டச்சுக்காரருடையது. 1619 முதல் அவர்களுடைய தலைமையிடம் சாவகத் தீவின் பட்டாவியா, இன்றைய ஜகார்த்தா. அங்கே ஒவ்வோர் இனத்தாருக்கும் ஒரு கம்போங். அங்கிருந்து கப்பலேறிய ஆட்களே பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் பாலகொல்லுவிலும் கிடங்கு நடத்தினார்கள். அடைப்புக்குள் கிடங்கும் குடியிருப்பும் சாயப்பட்டறையும் சேர்ந்த இடத்துக்கு, கிழக்கே பழகிய பெயரையே இங்கேயும் வைத்திருப்பார்கள். அதைக் கேட்ட ஆங்கிலேயன் காதில் 'கம்போங்' என்பது தனக்கு ஏற்கெனவே தெரிந்த 'காம்பவுண்டு' போல விழுந்தது. அப்புறம் என்ன, 'ட்' தானாக வந்து சேர்ந்தது. முதலில் மனத்தில் வைக்கச் சொன்னேனே, அது இதற்காகத்தான்.

ஒலி ஒத்துப்போனதால் இரண்டு சொற்களும் ஒரே எழுத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டன. உடல் வேறு, ஊர் வேறு.

ஈப்போ செல்வி எழுதியது:

சரிதான் ஐயா, பெர்கம்போங் என்றால் கூடுவது.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் நாட்டில் இரண்டு சொல்லும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. போக்குவரத்து விதியை மீறினால் போலீஸ் கொடுக்கும் அபராதத்துக்கு 'கொம்பவுன்' என்று பெயர். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது விதியை மீறியவர்களுக்கு ஆயிரம் ரிங்கிட் கொம்பவுன் போட்டார்கள். அப்போது கம்போங்குக்குப் போக முயன்று கொம்பவுன் வாங்கியவர்களும் உண்டு. இந்தக் கொம்பவுன் நீங்கள் சொன்ன இலத்தீன் வழியா, மலாய் வழியா?

பழைய ஏடு எழுதியது:

இலத்தீன் வழி அம்மா. வழக்கை நீதிமன்றம் வரை இழுக்காமல் பணம் கட்டித் தீர்த்துக்கொள்வதற்கு ஆங்கிலச் சட்டத்தில் அதே வினைச்சொல்தான். இரு தரப்பையும் 'ஒன்றாக வைத்தல்', அதாவது சமரசம். நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 320-ஆம் பிரிவு எந்தெந்தக் குற்றங்களை இப்படிச் சமரசமாக முடித்துக்கொள்ளலாம் என்று பட்டியல் போட்டது. வக்கீல்கள் 'காம்பவுண்டபிள்' என்பார்கள்.

மலாய் தன் கம்போங்கை ஆங்கிலத்துக்குக் கொடுத்தது. ஆங்கிலம் வேறொரு காம்பவுண்டை மலாய்க்குக் கொடுத்தது. உங்கள் சாலையோரத்தில் இரண்டும் சந்தித்துக்கொள்வதை இன்றுதான் அறிந்தேன். மிக்க மகிழ்ச்சி.

மருந்துச்சீட்டு எழுதியது:

கம்பவுண்டர் பற்றி யாரும் பேசவில்லையே, நான் சொல்கிறேன். என் தாத்தா கம்பவுண்டர். டாக்டர் எழுதிக் கொடுத்ததை அளந்து கலக்குகிறவர், அதனால் கம்பவுண்டர், கலப்பவர். அது சேர்மத்துக் காம்பவுண்டின் நேர் அண்ணன். வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுபோனால் சிவப்பு மிக்ஸர் ஊற்றித் தருவார். பாட்டிலின் பக்கவாட்டில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டுவார். கத்தரிக்கோலால் அதன் ஓரத்தில் வரிசையாக நறுக்கு வெட்டியிருக்கும். ஒரு நறுக்கு ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் நறுக்கைப் பார்த்து அளவாகக் குடித்துவிடுவார்கள். அந்தப் பட்டை ஒட்டிய பாட்டில் ஒன்று இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் யாரும் 'காம்பவுண்டர்' என்று சொன்னதில்லை, 'கம்பவுண்டர்'தான். சுவர் மட்டும் 'காம்பவுண்டு'. இப்போது யோசித்தால், இரண்டு சொல்லையும் பேச்சில் நாம் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறோம்.

சொல்வேட்டை எழுதியது:

ஐயா, ஒத்துக்கொள்கிறேன். 1679 சான்றைப் படித்தபின் போர்த்துக்கீசிய வாதத்தைக் கைவிடுகிறேன். ஆனால் ஒரு கேள்வி பாக்கி. செல்வி அக்கா 'கம்பம்' என்றார். கம்பு நட்டு, கம்பம் நட்டு வேலி போடுகிறோம். அப்படியானால் மலாய்க் கம்போங்கே நம் கம்பிலிருந்து போனதாக இருக்குமோ? சோழர் கடாரம் வரை போனார்களே.

பழைய ஏடு எழுதியது:

ஆசை புரிகிறது தம்பி, எனக்கும் அந்த ஆசை வந்ததுண்டு. ஆனால் மலாய்க்குள்ளேயே அந்தச் சொல்லுக்கு நல்ல உறவினர் கூட்டம் இருக்கிறது. 'கும்புல்' என்றால் திரட்டுதல், 'ஹிம்புன்' என்றால் கூட்டுதல். 'கம்போங்', 'பெர்கம்போங்' எல்லாம் அந்தக் குடும்பத்துச் சாயல். செல்வி அம்மா சொன்ன 'கம்பம்' தமிழர் அங்கே போனபின் கேட்ட ஒலியைத் தமிழ் நாக்குக்கு வளைத்துக்கொண்டது. ஒலி ஒத்தால் உறவு என்று எடுத்துக்கொண்டால், நாம் மறுபடியும் உங்கள் முதல் பதிவின் 'காம்' 'பவுண்டு' கணக்குக்கே போய்விடுவோம்.

தமிழிலிருந்து கிழக்கே போன அடைப்புச் சொல் வேண்டுமென்றால் ஒன்று தருகிறேன். குடோன். மலாயில் 'குடாங்' என்றால் சரக்கறை. அது தமிழ்க் 'கிடங்கு' அல்லது தெலுங்கு 'கிட்டங்கி'யிலிருந்து போனதாக இருக்க வேண்டும் என்பதே அகராதிக்காரர்களின் கணிப்பு. அங்கிருந்து போர்த்துக்கீசியம் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், நம்மிடமே குடோனாகத் திரும்பி வந்தது. பலசரக்குக் கடைக்காரர் 'குடோன்ல ஸ்டாக் இருக்கு' என்கிறபோது கடல் சுற்றி வந்த கிடங்கைத்தான் சொல்கிறார்.

ஈப்போ செல்வி எழுதியது:

தமிழருக்கும் கம்போங்குக்கும் உள்ள தொடர்புக்கு ஐயா வேறு எங்கேயும் தேட வேண்டாம், மலாக்கா போதும். நானே நேரில் பார்த்தது. மலாக்கா பழைய நகரத்தில் கம்போங் கிலிங் பள்ளிவாசல் இருக்கிறது. 1748-இல் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் கட்டியது. கூரை மூன்று அடுக்காகக் கூம்பிப் போகும், நம் ஊர்ப் பள்ளிவாசல் போலவே இருக்காது. மினாரா சீனக் கோபுரம் மாதிரி. நடந்து போகிற தூரத்திலேயே பிள்ளையார் கோயில். 'கிலிங்' என்ற சொல் இன்று இங்கே எங்களைக் காயப்படுத்துகிற சொல் ஆகிவிட்டது. ஆனால் அந்தத் தெருப்பெயரில் இருப்பது கலிங்கத்தின் நினைவு, கடல் கடந்து வந்த நம் ஆட்களைப் பொதுவாகச் சுட்டிய பெயர்.

சிங்கப்பூரிலும் உண்டு. 1822-இல் ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்தின் வரைபடத்தில் ஆற்றின் ஓரம் 'சூலியா கம்போங்' என்று ஓர் இடம் நம்மவர்களுக்காகக் குறிக்கப்பட்டிருக்கிறது.

பழைய ஏடு எழுதியது:

அம்மா, நீங்கள் மலாக்காவைச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வந்தது, எழுதாமல் இருக்க முடியவில்லை. ஹாப்சன் ஜாப்சனில் கம்போங்குக்குக் கொடுத்திருக்கும் மேற்கோள்களில் ஒன்று 1613-ஆம் ஆண்டுக்குரியது. எழுதியவர் மானுவல் கொதின்யோ த எரெடியா. மலாக்காவில் பிறந்தவர், தந்தை போர்த்துக்கீசியர், தாய் செலெபெஸ் தீவைச் சேர்ந்தவர். மலாக்காவின் புறநகரைப் பற்றி எழுதும்போது 'காம்பொன் செலிம்' என்றொரு பகுதியையும் 'காம்பொன் சீனா' என்றொரு பகுதியையும் குறிப்பிடுகிறார். காம்பொன் செலிமில் யார் குடியிருந்தார்கள் தெரியுமா? 'கோரமண்டலத்துச் செலிகள்' என்கிறார். நம் சோழமண்டலக் கரையார். நீங்கள் பார்த்த அந்தக் கம்போங் கிலிங்தான்.

அதே 1613-இல்தான் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள். ஒரு பக்கம் நம் ஆட்கள் அங்கே ஒரு கம்போங்கில் குடியிருக்கிறார்கள். இன்னொரு பக்கம் அந்தச் சொல்லை வாயில் வைத்திருக்கப் போகிறவர்கள் இங்கே வந்து இறங்குகிறார்கள்.

கூடல்வாசி எழுதியது:

ஐயா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நம் ஆட்கள் கூடி வாழ்ந்த இடத்தின் பெயரா எங்கள் எட்டு வீட்டுக்கும் வந்திருக்கிறது!

தாமிரபரணி எழுதியது:

நான் திருநெல்வேலி. கூடல்வாசி அண்ணன் சொல்கிற அந்த அமைப்பு அப்படியே எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் நாங்கள் 'வளவு' என்போம். "எங்க வளவுல பத்து வீடு" என்போம். உள்ளே நுழைந்தால் இரண்டு பக்கமும் வீடுகள், நடுவில் பொது நடை, கடைசியில் கிணறு. இப்போது சின்னப் பிள்ளைகள் அதையும் காம்பவுண்டு என்றுதான் சொல்கிறார்கள். ஆச்சி மட்டும் வளவை விடவில்லை.

வடமராட்சியான் எழுதியது:

வளவு எங்களிடமும் இருக்கிறது, ஆனால் பொருள் வேறு. யாழ்ப்பாணத்தில் வளவு என்றால் வீடும் அதைச் சுற்றிய காணியும் சேர்ந்தது. ஆங்கிலேயர் பங்களாவுக்குச் சொன்ன காம்பவுண்டுக்கு நூற்றுக்கு நூறு பொருந்தும். அதற்குச் சுவர் கட்டாயம் இல்லை. கிளுவைக் கதியால், அதாவது வேலித் தடி நட்டு, கிடுகு, அதாவது பின்னின தென்னோலை வரிந்து கட்டின வேலி. வருடத்துக்கு ஒருமுறை வேலி அடைப்பது ஒரு பெரிய வேலை, உள்ளே ஒருவர் வெளியே ஒருவர் நின்று கயிறு குத்தி இழுக்க வேண்டும். வெளியே நிற்பவர் ஊசியைச் செருகினால் உள்ளே நிற்பவர் வாங்கித் திருப்பிச் செருக வேண்டும். சின்ன வயதில் உள்ளே நிற்பது என் வேலை, வெளியே அப்பா. முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். வாசலில் படலை, அதாவது வேலிக் கதவு. பழைய வீடுகளில் கூரை போட்ட சங்கடப்படலை இருக்கும், தெருவால் போகிறவர்கள் வெயிலுக்கு அதன் கீழ் ஒதுங்குவார்கள், தண்ணீர்ப் பானையும் வைத்திருப்பார்கள்.

பழைய ஏடு ஐயா சொன்ன 'கழிகளை நட்டு அடைத்த இடம்' என்ற மலாய்ப் பொருளைப் படித்ததும் எங்கள் வேலிதான் கண்ணில் வந்தது.

பழைய ஏடு எழுதியது:

வளவு என்பது 'வளை' என்ற வேரில் பிறந்தது, சுற்றி வளைத்த இடம். அதே வேரில் வந்ததுதான் வளாகம். புறநானூற்றில் நக்கீரர் 'தெண்கடல் வளாகம்' என்கிறார், தெளிந்த கடல் சூழ்ந்த நிலம். அங்கே வேலி கடல். இன்று நாம் அதைப் பல்கலைக்கழக வளாகம் ஆக்கியிருக்கிறோம். அதற்கு ஈடான ஆங்கிலச் சொல் 'கேம்பஸ்' இலத்தீனில் வெறும் வயல்வெளி. நம் சொல்லில்தான் வேலி இருக்கிறது.

வேலியே ஊராவது தமிழிலும் நடந்திருக்கிறது. ஆட்டுப்பட்டி, மாட்டுப்பட்டி என்று அடைப்பைக் குறித்த 'பட்டி'தான் ஆண்டிபட்டியும் உசிலம்பட்டியும் கோவில்பட்டியும் ஆனது. ஆங்கிலத்தின் 'டவுன்' பழைய ஆங்கிலத்தில் வேலியிட்ட மனை. அதன் உறவுச் சொல் ஜெர்மனில் இன்றும் வேலி என்றே நிற்கிறது, டச்சில் தோட்டம் ஆகிவிட்டது. மலாய்க் கம்போங்கும் அடைப்பிலிருந்து ஊராக வளர்ந்தது. ஆட்டுக்கோ ஆளுக்கோ முதலில் ஒரு வேலி, அதற்குள் ஒரு கூட்டம், அப்புறம் அந்தக் கூட்டத்துக்கே வேலியின் பெயர்.

தென்திசை எழுதியது:

நான் வேலை நிமித்தமாகத் தென்னாப்பிரிக்காவில் சில வருடங்கள் இருந்தவன். இந்தச் சொல்லுக்கு அங்கே ஒரு கசப்பான வாழ்க்கை உண்டு. அதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் 1880-களில் 'மூடிய காம்பவுண்டு' என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். கறுப்பினத் தொழிலாளர்கள் ஒப்பந்தக் காலம் முடியும் வரை அதற்குள்ளேதான் இருக்க வேண்டும். சுற்றிலும் உயரமான தகர அடைப்பு. உள்ளேயே படுக்கை, உள்ளேயே கடை. வைரத்தை வெளியே வீசிவிடக் கூடாது என்பதற்காகத் தலைக்கு மேலே கம்பிவலை. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகிறவரைச் சில நாட்கள் தனியே வைத்து உடல் முழுக்கச் சோதித்த பிறகே விடுவார்கள். பின்னால் ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்கங்களிலும் தொழிலாளர் குடியிருப்புக்கு அதே பெயர்.

நைஜீரியா நண்பர் ஒருவர் அங்கே என்னோடு வேலை பார்த்தார். அவர் ஊரில் காம்பவுண்டு என்றால் தாத்தா, பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் ஒரே சுற்றுக்குள் தனித்தனி வீட்டில் வாழும் இடம். "எங்க காம்பவுண்டுக்கு வா" என்று அவர் கூப்பிட்டபோது அவர் முகத்தில் இருந்த மலர்ச்சியும், கிம்பர்லியில் அதே சொல்லைக் கேட்டபோது எனக்குள் வந்த பாரமும் இன்னும் நினைவில் இருக்கின்றன.

கூடல்வாசி எழுதியது:

தென்திசை சார், கம்பிவலை விஷயம் மனத்தை என்னவோ செய்கிறது. அடைப்பு என்றால் யாரை உள்ளே வைக்க, யாரை வெளியே வைக்க என்று கேட்க வேண்டியிருக்கிறது.

எனக்கு இதில் தோன்றியதைச் சொல்கிறேன். ஆங்கிலேயன் கம்போங்கை எடுத்துக்கொண்டபோது வேலியையும் நிலத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டான். கூடி வாழும் ஆட்கள் அந்தச் சொல்லிலிருந்து விழுந்துவிட்டார்கள். பங்களா நடுவில், சுற்றிலும் காலி இடம், அதுதான் அவனுடைய காம்பவுண்டு. அதே சொல் மதுரைச் சந்துக்குள் வந்து சேர்ந்தபோது நாங்கள் அந்தக் காலி இடத்தில் எட்டுக் குடும்பத்தைக் குடிவைத்தோம். மலாய்க்காரரின் பழைய பொருள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே திரும்பி வந்துவிட்டது.

சென்னையில் இதே அமைப்புக்கு 'ஸ்டோர்' என்று பெயர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதிலும் சரக்குதான் இருக்கிறது, ஆட்கள் இல்லை. எனக்குக் காம்பவுண்டுதான் பிடித்திருக்கிறது. அதைவிட வளவு இன்னும் பிடித்திருக்கிறது.

சொல்வேட்டை எழுதியது:

அப்படியானால் அண்ணா, வளவு என்று நாம் எல்லாருமே எழுதத் தொடங்கிவிடலாமே? கடன் சொல் எதற்கு?

வடமராட்சியான் எழுதியது:

தம்பி, வளவை எழுதுங்கள், சந்தோசம். காம்பவுண்டை விரட்ட வேண்டாம். அந்தச் சொல்லுக்குள் மலாக்காவில் இருந்த நம் ஆட்களும் இருக்கிறார்கள் என்று இப்போது தெரிந்துவிட்டதே.

எங்கள் வீட்டு உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், எழுதியிருப்பதைச் சொல்கிறேன். எத்தனை பரப்பு என்று முதலில் வரும். பிறகு அதற்குள் உள்ள வீடு, கிணறு, பனை, தென்னை, பலா என்று ஒவ்வொன்றாக வரும். கிணற்றில் பக்கத்துக் காணிக்காரருக்கு உள்ள பங்கும், அவர் வந்து தண்ணீர் அள்ளப் போகிற வழியும்கூட அதில் இருக்கும். வேலிக்குள் இருக்கும் காணிதான், ஆனால் அயலவர் நடக்க ஒரு வழி எழுதி வைத்திருக்கிறது.

ஈப்போ செல்வி எழுதியது:

அந்த உறுதியின் வரிகளை அப்படியே தட்டச்சு செய்து போடுங்கள் அண்ணா, பெயர்களை மட்டும் விட்டுவிட்டு. பழைய தமிழாக இருக்கும், படிக்க ஆசையாக இருக்கிறது.

கூடல்வாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மகளிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன். வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு கட்டம் போட்டாள். ஒன்றில் கம்பவுண்டர், சேர்மம், கொம்பவுன். இன்னொன்றில் கம்போங், காம்பவுண்டு வீடு. பவுண்டையும் பாண்டையும் எங்கே எழுதுவது என்று கேட்டாள். மூன்றாவதாக ஒரு கட்டம் போடச் சொன்னேன்.

நீலச் சாயச் சாடிகள் இருந்த அந்தப் பாலகொல்லு இப்போது எப்படி இருக்கிறது, பார்த்தவர்கள் யாராவது உண்டா? விடுமுறையில் ரயிலேறிப் போய்வரலாம் என்று இருக்கிறோம்.